கம்பத்து மருந்து இல்லை, டாக்டர்

வள்ளியம்மாளுக்கு யாரையும் அவ்வளவு சுலபத்தில் பிடித்துவிடாது. பிரிக்பீல்ட்ஸில் அவள் குடியிருந்த அடுக்குமாடியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வாசல் காவலாளியிலிருந்து கோவில் கமிட்டித் தலைவர் வரைக்கும் அவள் வாய்க்குத் தப்பியவர் இல்லை. ஆனால் கூச்சல் போட்டுச் சண்டை பிடிக்கிற ரகம் அல்ல அவள். எதிரில் நிற்பவர் பேசி முடிக்கும்வரை கேட்பாள். பிறகு அவர் சொன்னதையே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அவருக்கே திருப்பிச் சொல்வாள். தன் பேச்சைத் தானே கேட்க நேர்ந்த மனிதன் அசடு வழிந்துகொண்டு இடத்தைக் காலி செய்வான்.

தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் கோலாலம்பூரிலும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நீதிபதி மலாயில் கேட்பதைக் கூண்டில் நிற்பவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவன் தமிழில் அளப்பதை நீதிபதிக்கு மலாயில் சொல்ல வேண்டும். ஊரில் உள்ள பொய்யெல்லாம் முதலில் அவள் வாய்வழியாகத்தான் போயிற்று. "அது என்னோடது இல்லம்மா, யாரோ லோரியில வெச்சிட்டுப் போயிட்டாங்க" என்பான் ஒருவன். "புக்கான் சாயா புன்யா" என்று முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் நீதிபதியிடம் சொல்வாள். 'இதைவிட நல்ல பொய் ஒன்று உனக்கு வாய்க்கவில்லையா, மடையா' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். பொய் சொன்னவனை ஒருவேளை மன்னித்தாலும் மன்னிப்பாள். மட்டமாகப் பொய் சொன்னவனை மன்னிக்கவே மாட்டாள்.

கணவர் சின்னையா காலமாகி வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகள் மலர், சுபாங் ஜெயாவில் கணவன் ஜீவனோடு இருந்தாள். ஜீவன் காப்பீடு விற்கிறவன். மேடையில் பேசுகிறவன் போலவே வீட்டிலும் பேசுவான். வள்ளியம்மாள் அவனை "மாப்பிள்ளை, வாங்க, உக்காருங்க" என்று முழு மரியாதையோடுதான் அழைப்பாள். அந்த மரியாதைக்குள் என்ன இருக்கிறது என்பது மலருக்குத் தெரியும், ஜீவனுக்குத் தெரியாது.

வயிறு உப்பிக்கொண்டே போகிறதே என்று போனவளுக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்றார்கள். அறுவை செய்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ என்றார்கள். நடுவில் இடது கால் வீங்கி, ரத்தக்கட்டு என்று தெரிந்ததும், ரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரை ஒன்றையும் எழுதினார்கள். அதன் பெயர் வார்ஃபரின். தினமும் மாலையில் போட வேண்டும். அடிக்கடி ரத்தம் எடுத்து, உறைகிற அளவு சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நோய் வந்தது தெரிந்ததும் உறவுக்கூட்டம் வந்து இறங்கியது. ஒருத்தி முள்ளுச் சீத்தா இலையைப் பை நிறையக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும் என்றாள். "கட்டிக்கு முன்னாடி நான் செத்துட்டா?" என்று வள்ளியம்மாள் கேட்டதும் அவள் பேச்சை மாற்றினாள். சாலாக் செலாத்தானிலிருந்து வந்த ஒரு சம்பந்தி, வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டி, அதில் பேசுகிறவர் பெரிய டாக்டர் என்றார். அந்தப் பெரிய டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைத் தலைகீழாகப் போட்டிருந்ததை வள்ளியம்மாள் சுட்டிக்காட்டிய பிறகு அவர் காப்பியைக்கூட முடிக்காமல் கிளம்பினார்.

சொந்தக்காரர்கள்தான் இப்படி என்றால், ஆஸ்பத்திரியிலும் அவள் மெச்சும்படி ஒருவரும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் டாக்டர் இம்ரான். பினாங்குத் தமிழ் முஸ்லிம். இளம் வயது. நோயாளி தமிழர் என்றால் தமிழில்தான் பேசுவேன் என்று ஒரு பிடிவாதம் அவருக்கு. ஆனால் அவர் தமிழ் வீட்டு அடுப்படியைத் தாண்டி வெளியே வந்ததில்லை. "ஆன்டி, சாப்பாடு உள்ள போதா? வாமிட் வருதா? வெளிக்குப் போறது ஓகே ஆ?" என்று கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பார். எதற்கும் வள்ளியம்மாள் தெளிவான மலாயில்தான் பதில் சொல்வாள். அவர் விடாமல் தமிழில் கேட்பார். கடைசியில் எப்போதும் நாட்டு மருந்தைப் பற்றி ஒரே கேள்வி: "கம்பத்து மருந்து ஏதும் எடுக்கிறீங்களா ஆன்டி?"

"இல்ல டாக்டர்."

"குட், குட்." விரல்கள் தட்டச்சில் ஓடும். அவள் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. பேருந்து நடத்துனர் டிக்கெட் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்துக்கொள்வாள்.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு வாந்தி அவளைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளுக்கு அது அடங்கவில்லை. தண்ணீர் குடித்தால் தண்ணீர் வெளியே வந்தது. ரசத்தின் வாசனைக்கே குடல் புரண்டது. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருப்பாள். ரயிலில் நடந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ரத்தம் எடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். மலர் கூட வருகிறேன் என்றதற்கு, "எனக்குக் கால் இருக்கு" என்று சொல்லியிருந்தாள். இறங்க வேண்டிய சென்ட்ரலுக்கு இன்னும் ஒரு நிலையம் இருக்கும்போது, கைப்பையிலிருந்த பிளாஸ்டிக் பையை எடுப்பதற்குள் வந்துவிட்டது. தரையெல்லாம் நனைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு பெண் ஓடிவந்து காகிதக் கைக்குட்டை கொடுத்தாள். எதிர் இருக்கையில் இருந்த ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம், "மாபோக் கா?" என்று கேட்டது அவள் காதில் தெளிவாக விழுந்தது. குடித்திருக்கிறாளா என்று கேட்கிறான்.

ஆயுள் முழுக்கச் சேலைக் கொசுவம் கலையாமல் நீதிமன்றத்துக்குப் போய்வந்தவள். அந்த நிலையத்தில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்கும் திருப்பிக் கொடுக்க ஒரு சொல்லும் இல்லாமல் நின்றாள்.

அந்த வாரம்தான் ஜீவன் வந்தான். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அத்தை, மலர்கிட்ட இப்ப சொல்ல வேணாம். இது ட்ரக் இல்ல. பிளான்ட். நேச்சர் நமக்குக் குடுத்தது. தாய்லாந்துல கடையில வெச்சு விக்கிறான். அமெரிக்காவுல டாக்டரே எழுதிக் குடுக்கிறாங்க. வாந்திக்கு ரொம்ப நல்லது. நாக்குக்கு அடியில ஒரு சொட்டு விட்டாப் போதும்."

வள்ளியம்மாள் மூடியைத் திறந்தாள். மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நீதிமன்ற மேசைமேல் சாட்சிப் பொருளாகப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம் அறை முழுக்க எழும்பும் அதே வாசனை. பச்சையும் மக்கலும் கலந்த நாற்றம். எத்தனையோ பொட்டலங்களுக்கு மூக்குக்கு எட்டும் தூரத்தில் நின்றவள் அவள்.

"மாப்பிள்ளை, இது கஞ்சா."

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை. ஹெர்பல் ஆயில்னு சொல்லுங்க லா."

"தாய்லாந்துல கடையில விக்கிறான், சரி. நாம உக்காந்திருக்கிறது பிரிக்பீல்ட்ஸ். இதை வெச்சிருந்தா போதைப்பொருள் சட்டத்துல ஆறாம் பிரிவு. உள்ளுக்கு எடுத்தா பதினஞ்சாம் பிரிவு. நீங்க ஊரெல்லாம் குடுத்தா முப்பத்தொன்பது பி. அதுக்குத் தண்டனை தூக்கு வரைக்கும் போகும்னு தெரியுமா?"

ஜீவனின் முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "உங்க நல்லதுக்குத்தான் அத்தை. லவ்ல குடுக்கிறேன்" என்றான். லவ்வாம். குப்பியை எடுத்துப் போகச் சொல்லலாம் என்று அவள் வாயைத் திறந்தபோது வாந்தி முட்டியது. கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை போயிருந்தான். குப்பி மட்டும் இருந்தது.

தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. நல்லெண்ணெய் போத்தலுக்குப் பின்னால் வைத்தாள். இப்படி அடுப்படியில் ஒளித்து வைத்த எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள், எத்தனை பேரை இளப்பமாக நினைத்திருக்கிறாள்! மூன்றாவது கீமோ முடிந்த மறுநாள், காலையிலிருந்து ஏழெட்டு முறை வாந்தி எடுத்த பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் ஒரு சொட்டை நாக்குக்கு அடியில் விட்டுக்கொண்டாள். கசந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஜீவன் கொண்டுவந்தது வேறு எப்படி இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு படுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தபோது பசித்தது. வெகுநாளாக மறந்துபோயிருந்த பசி. வாசல் காவலாளியைக் கீழே கடையிலிருந்து இடியப்பம் வாங்கிவரச் சொல்லி, தேங்காய்ப் பால் ஊற்றி, இரண்டைச் சாப்பிட்டாள். அது உள்ளேயே தங்கியது. வள்ளியம்மாளுக்கு அழுகை வந்தது. வயிறு நிறைந்த சந்தோஷத்தில் பாதி. அந்த மடையன் சொன்னது பலித்துவிட்டதே என்ற அவமானத்தில் பாதி.

அதன் பிறகு தினமும் எடுத்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. இன்னொன்றும் நடந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கூசும். ஒருநாள் மின்தூக்கியில் கோவில் கமிட்டித் தலைவர் ஏறினார். வள்ளியம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். காரணமே இல்லாத முழுச் சிரிப்பு. அவர் மிரண்டுபோய் இரண்டு மாடி முன்னாலேயே இறங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சொட்டைப் பகலில் எடுப்பதை நிறுத்தி, மாலையில் வார்ஃபரினோடு சேர்த்து எடுத்தாள்.

அடுத்த முறை டாக்டர் இம்ரான் திரையைப் பார்த்தபடியே மகிழ்ந்தார். "ஆன்டி, வெயிட் ஏறியிருக்கு. வெரி குட். கம்பத்து மருந்து ஏதும்?"

"இல்ல டாக்டர்."

சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்று வள்ளியம்மாள் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். கேட்டது கம்பத்து மருந்து. தாய்லாந்தில் கண்ணாடிக் குப்பியில் அடைத்த சரக்கு கம்பத்து மருந்து ஆகாது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். இப்படி நூல் பிடித்துப் பதில் சொன்ன சாட்சிகளைப் பார்த்து அவளே உதட்டைப் பிதுக்கியிருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் கொஞ்சம் உறுத்தியது. கதவு வரை போனவள் திரும்பி, வழக்கம்போல மலாயில் கேட்டாள்.

"டாக்டர், மாத்திரையோட சேத்து ஒருத்தவங்க வேற எண்ணெய் ஏதாச்சும் எடுத்தா..."

"எண்ணெய் குறைச்சுக்கோங்க ஆன்டி" என்றார் டாக்டர், அடுத்த நோயாளியின் பெயரைத் திரையில் தேடிக்கொண்டே. "உங்க வயசுல கொலஸ்ட்ரால் பார்த்துக்கணும்."

உனக்கு இதுதான் சரி என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். இனி இந்த மனிதனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வருத்தமாகக்கூட இல்லை. எதிரில் இருப்பவன் முட்டாள் என்று தெரிந்துகொள்வதில் அவளுக்கு எப்போதும் ஒரு சுகம் உண்டு; அந்தச் சுகத்தோடு ரயில் ஏறினாள்.

ரத்தம் வந்தது சந்தைக்குப் போன அன்றைக்கு. கீரைக்காரியிடம் முருங்கைக்கீரை கேட்டுக்கொண்டிருந்தபோது மேலுதட்டில் ஏதோ சூடாக ஊர்ந்தது. கையால் துடைத்தாள், சிவப்பு. மூக்கை அழுத்திப் பிடித்தாள். நிற்கவில்லை. முந்தானை நனைந்து, கீரைக்கட்டின்மேல் சொட்டியது. "ஐயோ அக்கா, உக்காருங்க, உக்காருங்க" என்று கீரைக்காரி தன் முக்காலியைத் தள்ளினாள். உட்கார்ந்தபோதுதான், தொடையிலும் கையிலும் நாலைந்து நாளாகத் தானாகத் தோன்றியிருந்த நீலத் திட்டுகள் வள்ளியம்மாளுக்கு ஞாபகம் வந்தன. காலையில் மலம் தார்போலக் கறுப்பாகப் போனதும் ஞாபகம் வந்தது. வாய்க்குள் ரத்தத்தின் உப்பு. யாரோ மலருக்குப் போன் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டிய உறைகிற அளவு எட்டைத் தாண்டியிருந்தது. ரத்தம் தண்ணீராகிவிட்டிருக்கிறது என்று மலரிடம் சொன்னார்கள். மூக்கில் பஞ்சை அடைத்து, ஊசி போட்டு, ரத்தம் ஏற்றி, வார்டில் படுக்க வைத்தார்கள்.

பயிற்சி டாக்டர் ஒருத்தி வந்தாள். காது கேட்காதவரிடம் கத்துவது மாதிரி, "ஆன்டி! மாத்திரை ரெண்டு தடவை போட்டுட்டீங்களா? மறந்து போச்சா?" என்று மலாயில் கேட்டாள். மூக்கில் பஞ்சோடு வள்ளியம்மாள் அவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் ஓரடி பின்வாங்கினாள். மலர் வீட்டிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்து காட்டினாள். கணக்கு சரியாக இருந்தது. ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகப் போகவில்லை. பின் எப்படி என்று எல்லோரும் குழம்பினார்கள்.

வள்ளியம்மாளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. மாத்திரை அதேதான், சாப்பாடும் அதேதான். புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. ஆனால் இந்த நாட்டில் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வார்டில் யாருக்கும் தெரியாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் ஜீவன் வந்தான், கையில் ஆப்பிள் பையோடு. மலர் மருந்து வாங்கப் போயிருந்த நேரம். நாற்காலியை இழுத்துப் போட்டு, குனிந்து, "பாட்டில எடுத்துட்டேன் அத்தை" என்றான்.

"எந்த பாட்டில்?"

"அதான். நேத்தே உங்க வீட்டுக்குப் போயி எடுத்துட்டேன். டோன்ட் வொரி."

அவள் ரத்தம் கக்கிக்கொண்டு கிடந்த நேரத்தில், மாமியாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வராமல், மகளின் சாவியை எடுத்துக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போயிருக்கிறான். அவன் இன்னும் குனிந்தான்.

"என் பேரை யார்கிட்டயும் சொல்லல இல்ல?"

"இல்ல."

பெருமூச்சு விட்டான். பிறகு புத்திசாலி முகம் ஒன்று வந்தது. "அத்தை, டாக்டர் கேட்டா பூண்டு நிறைய சாப்பிட்டேன்னு சொல்லிடுங்க. பூண்டு சாப்பிட்டா ரத்தம் இளகுமாம். கூகள்ல பார்த்தேன். ஒரு நாளைக்கு முப்பது பல்லு சாப்பிட்டேன்னு சொல்லுங்க."

வள்ளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். முப்பது பல் பூண்டு. வாந்தியில் தண்ணீர் இறங்காத கிழவி தினமும் முப்பது பல் பூண்டு தின்றாளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனாவது சோறு கொஞ்சம் அதிகமாகப் போடுவான்; இவன் வெறும் தட்டில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு மறைக்கப் பார்க்கிறான். லோரியில் யாரோ வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னவன் இவனைவிட எவ்வளவோ மேல். அவன் பிழைக்கப் பொய் சொன்னான். இவன் இவள் செத்தாலும் பரவாயில்லை என்று பொய் தைத்துக் கொண்டுவந்திருக்கிறான். அதையும் கிழிசலாகத் தைத்திருக்கிறான். இந்தப் பொய்யைத் தன் வாயால் சொல்வதைவிடச் சிறைக்குப் போகலாம்.

"மாப்பிள்ளை, கிளம்புங்க" என்றாள். "ஆப்பிளையும் எடுத்துக்குங்க."

சாயங்காலம் டாக்டர் இம்ரான் வார்டுக்கு வந்தார். வழக்கம்போல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆன்டி, ரத்தம் நின்னுடுச்சு, குட்..." என்று ஆரம்பித்தார்.

"டாக்டர், கட்டில் திரையை இழுத்து விடுங்க" என்றாள் வள்ளியம்மாள். முதல்முறையாக அவரிடம் தமிழில் பேசினாள். "உக்காருங்க. நான் கஞ்சா எண்ணெய் எடுத்தேன்."

டாக்டர் காகிதத்திலிருந்து கண்ணைத் தூக்கினார். திரையை இழுத்தார். ஜீவன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தார். காகிதத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். பயந்துவிட்டான் என்று வள்ளியம்மாள் முடிவு கட்டினாள்.

"எப்பலேர்ந்து ஆன்டி?"

"மூணாவது கீமோவுக்கு அப்புறம். தினமும். நாக்குக்கு அடியில."

"வார்ஃபரின் போடுற நேரத்துல?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதான். வார்ஃபரினை உடம்புலேர்ந்து வெளிய அனுப்புறது கல்லீரல். அந்த எண்ணெய் உள்ள போனா கல்லீரல் அந்த வேலையை மெதுவா செய்யும். அப்ப நீங்க ஒரு மாத்திரை போட்டாலும் உடம்புக்கு மூணு போட்ட மாதிரி. ரத்தம் இளகிடும்." பிறகு, கோபம் இல்லாத ஆனால் சோர்ந்துபோன குரலில், "நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன் ஆன்டி" என்றார்.

"நீங்க கேட்டது கம்பத்து மருந்து. இது கம்பத்து மருந்து இல்ல, டாக்டர்."

சொல்லி முடித்ததும்தான் அது எவ்வளவு கேவலமாகக் காதில் விழுகிறது என்று தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து டாக்டர் சிரித்துவிட்டார். சிரிப்பை உடனே விழுங்கிக்கொண்டார்.

"வேற எப்படிக் கேக்கிறது ஆன்டி? கஞ்சா எடுக்கிறீங்களான்னு கேட்டா, எந்திரிச்சுப் போயிடுறாங்க. அப்புறம் வர்றதே இல்ல. உங்க வயசு ஆன்டிகிட்ட கேட்டா செருப்பு பறக்கும். அதான் சுத்தி வளைச்சுக் கேக்கிறேன். முகத்தைப் பார்த்துக் கேட்டா பொய் சொல்லக் கஷ்டப்படுவாங்கன்னு கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேக்கிறேன். அதுவும் தப்புதான் போல."

முட்டாள்தனம் என்று வள்ளியம்மாள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது அவருடைய கூச்சம். கேவலமான கூச்சம், அதனால் அவள் செத்திருப்பாள். இருந்தாலும் கூச்சம். மூச்சுக்கு மூச்சு மனிதர்களை எடை போட்டவள், இவரைத் தப்பாக எடை போட்டிருக்கிறாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "நான் எண்ணெய்ன்னு சொன்னப்ப கொலஸ்ட்ரால்னு சொன்னீங்களே" என்று குத்தினாள்.

"சொன்னேனா?" டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஞாபகம் இல்ல. சாரி ஆன்டி."

"போலீஸ்ல சொல்லணுமா?"

"நான் போலீஸ் இல்ல. எனக்கு உங்க ரத்தம் சரியாகணும், வேற எதுவும் வேணாம். அந்த பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது. இனிமே வேணாம்." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "ஆன்டி, கேளுங்க. அதை எடுத்தப்ப உங்களுக்கு நல்லா இருந்துச்சா?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஜீவன்கூடக் கேட்கவில்லை. வள்ளியம்மாள் மூக்குப் பஞ்சைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டு இடியப்பம் சாப்பிட்டேன்" என்றாள். "அதுக்கு முன்னாடி தண்ணி எறங்கல. ரயில்ல வாந்தி எடுத்தேன். குடிச்சிருக்கேன்னு நினைச்சாங்க."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல? வாந்தி வருதான்னு கேட்டேனே. கொஞ்சம் வருதுன்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தாள். கொஞ்சம் என்றுதான் சொல்லியிருந்தாள். தண்ணீர் இறங்கவில்லை, ரயில் தரையில் எடுத்தேன், என்னால் முடியவில்லை என்று இந்த அரைகுறைத் தமிழ்ப் பையனிடம் முறையிடுவதா என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள்.

"கொஞ்சம் இல்ல, ரொம்ப" என்றாள் இப்போது.

டாக்டர் வாந்திக்கு வேறு மாத்திரை எழுதினார். கீமோவுக்கு முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டியது. அது எண்ணெய் அளவுக்குச் சுகம் தரவில்லை; பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வந்தது; வாயும் உலர்ந்தது. ஆனால் கஞ்சி இறங்கியது, தோசை இறங்கியது. ரத்தம் உறைகிற அளவு பழைய இடத்துக்கு வந்தது. மீதிக் கீமோக்களை முடித்தாள். கடைசியில் எடுத்த ஸ்கேனில் கட்டி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்கள். திரும்ப வராது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கவும் மாட்டாள்.

எண்ணெய் விவகாரத்தை மலரிடம் அவளே சொன்னாள். மலர் கணவனோடு இரண்டு வாரம் பேசவில்லை. ஜீவன் மாமியார் வீட்டுப் பக்கம் வெகுநாள் தலைகாட்டவில்லை. தீபாவளிக்கு வந்தான், கையில் ஒரு பெரிய போத்தல் கமாட் ஜெல்லி. கடல் அட்டையிலிருந்து எடுப்பது, சட்டப்படி விற்பது, பயமே வேண்டாம் என்றான். வள்ளியம்மாள் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அதை அப்படியே டாக்டர் இம்ரான் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள்.

"இது சாப்பிடலாமா? கேக்கிறேன்."

டாக்டர் போத்தலைத் திருப்பிப் படித்தார். கணினியில் எதையோ தேடினார். "ரத்த மாத்திரை போடுற வரைக்கும் இதுவும் வேணாம் ஆன்டி" என்றார். "கேட்டதுக்கு தேங்க்ஸ்."

"தேங்க்ஸ் எதுக்கு? அடுத்த தடவை வாழைப்பூ கொண்டு வர்றேன். அதையும் பாருங்க."

இப்படியே எதைத் தின்றாலும் முதலில் அவரிடம் கேட்பது வழக்கமாயிற்று. யாரையும் புதிதாகப் பிடித்துவிட்டதாக இதற்கு அர்த்தம் இல்லை. போன மாதம் கிளினிக்கில் அவள் எண்ணைக் கூப்பிட்டபோது உள்ளே வேறு டாக்டர் இருந்தார். மூத்தவர், பேராசிரியராம், நல்ல தமிழ் பேசுகிறார் என்று தாதி பெருமையாகச் சொன்னாள். வள்ளியம்மாள் வாசலில் நின்று அவரை ஒருமுறை பார்த்தாள். அவர் பேனாவைச் சுழற்றிக்கொண்டே கைப்பேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த அரைத் தமிழ் டாக்டர் எத்தனை மணிக்கு வருவாரு?" என்று தாதியிடம் கேட்டாள்.

"மத்தியானம் ஆகும் ஆன்டி."

"ஆகட்டும்" என்று நாற்காலியில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டாள்.